சிங்கம் தமிழ் பேசலாமா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு சிநேகிதர் இருக்கிறார். ஒரகடத்தில் மோட்டார் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பெரிய உத்தியோகம். நல்ல மனிதர். என் நாவல்களை விலை கொடுத்து வாங்கிப் படிக்கிற அளவுக்கு நல்லவர். இந்தக் கட்டுரையில் அவரோடு சண்டை போடப் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். "பேரைப் போடாம எழுதுங்க, சார்" என்றார். போடவில்லை.

சண்டை ஒரு சிங்கத்தைப் பற்றியது.

2024-ஆம் வருஷம் டிசம்பர் 20-ஆம் தேதி 'முஃபாசா' என்ற படம் வந்தது. வால்ட் டிஸ்னி கம்பெனியார் 1994-இல் கையால் வரைந்து எடுத்த 'தி லயன் கிங்' உலகமெங்கும் ஓடியது. 2019-இல் அதையே கம்ப்யூட்டரை வைத்து, நிஜச் சிங்கம் நடப்பது போலவே மறுபடி எடுத்தார்கள். இந்தப் படம் அந்தச் சிங்க ராஜாவின் பால்ய காலத்துக் கதை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிநேகிதர் மனைவியையும் மகனையும் காரில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய் அதை இங்கிலீஷில் பார்த்துவிட்டு வந்தார். நான் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்க் கொட்டகையில் தமிழில் பார்த்தேன். மறுநாள் லிப்டில் சந்தித்துக்கொண்டோம்.

"தமிழ்லயா பார்த்தீங்க?" என்றார். கெட்டுப்போன பண்டத்தைத் தின்றுவிட்டவனை விசாரிக்கிற குரல் அது.

"ஆமாம். ஏன்?"

"இல்ல சார்... சிங்கம் தமிழ் பேசினா எனக்குச் சிரிப்புதான் வருது. சீரியஸாவே எடுத்துக்க முடியல. இந்த மாதிரிப் படத்தையெல்லாம் ஒரிஜினல்ல பார்க்கணும்."

லிப்டு மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. வாதம் அங்கே நின்றுபோயிற்று. ஆனால் எனக்குள் நிற்கவில்லை.

ஒரிஜினல் என்று சொன்னாரே, சிங்கத்தின் ஒரிஜினல் பாஷை எது? கதை நடப்பது ஆப்பிரிக்காவில். பெயர்களில் பல ஸ்வாஹிலி மொழியிலிருந்து எடுத்தவை. சிம்பா என்றால் சிங்கம். ரஃபீக்கி என்றால் நண்பன். இந்தப் படத்தில் எல்லாரும் தேடிப் போகிற 'மிலேலே' என்ற இடத்தின் பெயருக்கு 'என்றென்றும்' என்று பொருள். ஆகவே சிங்கம் இங்கிலீஷ் பேசுவதும் ஒரு டப்பிங்தான். அமெரிக்கர்கள் தங்களுடைய பிள்ளைகளுக்காகத் தங்கள் பாஷையில் பேச வைத்துக்கொண்டார்கள். அதில் தவறில்லை. அதே காரியத்தை நாம் நம் பிள்ளைகளுக்காகச் செய்தால் அது மட்டும் ஏன் சிரிப்பாய்ச் சிரிக்கிறது?

இங்கிலீஷில் 1994-இலும் 2019-இலும் முஃபாசாவுக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். சிறு வயதில் திக்குவாய் காரணமாகப் பல வருஷங்கள் அநேகமாகப் பேசாமலே இருந்தவர். பிறகு அந்தக் குரலாலேயே உலகப் புகழ் பெற்றார். 2024 செப்டம்பரில் காலமானார். அவர் பேசினால் சிங்கம் பேசியது போலத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பீரம் இங்கிலீஷ் பாஷைக்குச் சொந்தமானதா, அந்த மனிதருடைய தொண்டைக்குச் சொந்தமானதா? தமிழில் இளம் முஃபாசாவாகப் பேசியவர் அர்ஜுன் தாஸ். அந்தக் கரகரத்த அடித்தொண்டைக் குரலைக் கேட்டுவிட்டு, இது சிங்கத்துக்குப் பொருந்தாது என்று சொல்பவர் காதில் கோளாறு இருக்கிறது, அல்லது மனத்தில் இருக்கிறது. வில்லன் வெள்ளைச் சிங்கம் கீரோஸுக்கு நாசர். டாக்காவுக்கு அசோக் செல்வன். பும்பா என்ற காட்டுப் பன்றிக்கு ரோபோ சங்கர். டிமோன் என்ற கீரிப்பிள்ளைக்குச் சிங்கம்புலி. ரோபோ சங்கர் 2025 செப்டம்பரில், ஐம்பது வயதைக்கூடத் தொடாமல், காலமாகிவிட்டார். அன்றைக்கு என் பேத்தி கேட்டது இது: "பும்பா செத்துப்போச்சா, தாத்தா?" எந்த ஒரிஜினலைப் பற்றி என்னிடம் சொல்கிறீர்கள்?

நமக்கு டப்பிங் புதிதா என்ன? பம்பாயிலிருந்து வந்த கதாநாயகி வாயை அசைப்பாள். குரல் வேறொருத்தியுடையதாக இருக்கும். சிம்ரன் பேசுவதாக நாம் நம்பி உருகியதெல்லாம் சவிதாவின் குரலில்தான். பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். எவரோ பாட, எவரோ வாயசைக்க, முக்கால் நூற்றாண்டாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம். மனுஷியின் வாயில் இன்னொரு மனுஷியின் குரலை வைத்துத் தைத்தால் நம்புகிறோம். கம்ப்யூட்டரில் பிறந்த சிங்கத்தின் வாயில் வைத்தால் மட்டும் உதட்டசைவு பொருந்தவில்லை என்று பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

மிருகங்கள் தமிழ் பேசுவதும் புதிதல்ல. தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதையை மராத்தியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது. அதில் பிங்களகன் என்ற சிங்கம் தமிழில் பயப்படுகிறது. கரடகனும் தமனகனும் என்ற இரண்டு நரிகள் தமிழில் சதி செய்கின்றன. யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. சாண்டோ சின்னப்பா தேவர் ஆட்டையும் யானையையும் கதாநாயகனுக்குச் சமமாக வைத்துப் படமெடுத்தார். 1977-இல் 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஓர் ஆடு செய்த சாகசங்களைப் பார்த்துக் கொட்டகை கொட்டகையாகக் கைதட்டிய ஜனங்கள் நாம். அப்போது லாஜிக் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

என் சிநேகிதர் இந்த வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில்தான் தினமும் காரில் போகிறார். சாலையின் கிழக்குக் கோடியில் மிருகக்காட்சிசாலை இருக்கிறது. அங்கே சிங்கங்கள் இருக்கின்றன. நீலா என்ற பெண் சிங்கம் 2021 ஜூனில் கொரோனாவில் செத்துப்போனபோது இந்த வட்டாரமே வருத்தப்பட்டது. நீலா என்று பெயர் வைத்து, வேளாவேளைக்குக் கறி போட்டு, கூண்டுக்கு வா என்று கூப்பிட்டவர்கள் அதனிடம் இங்கிலீஷிலா பேசியிருப்பார்கள்? வண்டலூர்ச் சிங்கத்துக்குத் தமிழ் புரியும், ஐயா. அது தன் வீட்டுக் குழந்தைக்கும் புரியட்டும் என்று நினைக்கத்தான் நமக்கு மனம் வரவில்லை.

தமிழ்ப் பதிப்புகளில் குறையே இல்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. குறை உண்டு. ஓடிப்போன சினிமா வசனங்களைக் காட்டு மிருகங்களின் வாயில் திணித்துக் கைதட்டல் வாங்குகிற சோம்பேறித்தனம் இந்த வகைப் படங்களில் நிறைய நடக்கிறது. நட்சத்திரங்களின் பெயரைச் சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். தமிழ் வசனத்தை உட்கார்ந்து எழுதியவர் பெயரைத் தேடினாலும் கிடைப்பதில்லை. பாட்டுகள் மெட்டுக்குள் மூச்சுத் திணறுகின்றன. இதையெல்லாம் சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். தமிழ் சரியில்லை என்று சொல்வது விமர்சனம். தமிழே கூடாது என்பது வேறு சமாச்சாரம். 2019-இல் வந்த படத்தைப் பற்றி உலகமெங்கும் ஒரு குறை சொன்னார்கள்: சிங்கம் நிஜம் போலவே இருக்கிறது, அதனால்தான் முகத்தில் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை என்று. அது அபிப்பிராயம். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1994-இன் கோட்டோவியச் சிங்கம் புருவத்தை உயர்த்தியது. 2019-இன் சிங்கத்துக்கு அது முடியவில்லை. பார்த்துவிட்டுச் சொன்ன குறை இது. பார்க்காமலே சொல்லும் குறைக்கு நான் என்ன பதில் சொல்வது?

நான் பார்த்த கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் உள்ள இந்தப் பிரதேசத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கொரியாக்காரர்களின் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து, ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் காரும் டயரும் டெலிபோனுமாக மாறிவிட்டன. கொரிய எழுத்தில் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கி ஷிப்டுக்குப் போகிறார்கள். சிலர் குடும்பத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படிக்கிறார்கள்.

அப்படி ஒரு குடும்பம் எங்களுக்கு முன் வரிசையில் இருந்தது. அப்பா கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். காலை ஷிப்டு முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். பையனுக்கு எட்டு வயது இருக்கும். சிங்கம்புலியின் குரலில் அந்தக் கீரிப்பிள்ளை ஏதோ சொல்லும், கொட்டகை சிரிக்கும், பையனும் சிரிப்பான். உடனே அப்பாவின் காதில் குனிந்து ஒடியாவில் ஏதோ சொல்வான். அரை நிமிஷம் கழித்து அப்பா தனியாகச் சிரிப்பார். படம் முழுவதும் இப்படியே நடந்தது. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தத் தனிச் சிரிப்புக்காக நானே காத்திருக்கத் தொடங்கிவிட்டேன்.

கதை என்ன? வெள்ளம் வந்து ஒரு குட்டியைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து அடித்துக்கொண்டு போகிறது. வேறு ஒரு சிங்கக் கூட்டத்தின் எல்லையில் அது கரையேறுகிறது. அந்நியனுக்கு இங்கே இடமில்லை என்கிறான் அரசன். அரசி அதைச் சேர்த்துக்கொள்கிறாள். இளவரசன் அதை அண்ணன் தம்பியாக நினைக்கிறான்; பின்னால் அவனே விரோதியாகிறான். வெள்ளக் காட்சி வந்தபோது அந்தப் பையன் அப்பாவின் காதில் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

படம் முடிந்து வெளியே வருகிறோம். எனக்கு முன்னால் நடந்தவர்களில் ஒருவர், "குழந்தைகளுக்குச் சரி" என்றார். கூட வந்தவர், "கதையே இல்லையே? தொலைஞ்சுபோன குட்டி வேற கூட்டத்துல வளருது, அவ்வளவுதானே!" என்றார். அவ்வளவுதான், ஐயா. இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் தகரக் கூரைக்குக் கீழே குடியிருப்பது அந்தக் கதைதான். அதை எடுத்தவர் பாரி ஜென்கின்ஸ். ஏழைக் கறுப்புப் பையன் ஒருவனின் வாழ்க்கையை 'மூன்லைட்' என்று எடுத்தவர்; அந்தப் படம் 2016-ஆம் வருஷத்தின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. அவர் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்து இதைச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படியே சொல்லியிருந்தாலும், 'குழந்தைகளுக்குச் சரி' என்பது எப்படி வசைமொழியாகும்? பால் குழந்தைகளுக்குச் சரி. கதையும் அப்படித்தான்.

அந்த ஒடிசாப் பையனுக்குத் தமிழ்ப் பதிப்பு இல்லாவிட்டால் என்ன இருந்திருக்கும்? சென்னைக்குக் காரில் போயிருப்பானா? அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் அந்த இரண்டு மணி நேரம் தமிழ்தான் பாலம். தமிழ் தெரிந்த என் சிநேகிதர் வேண்டாம் என்று தள்ளிய அதே தமிழ்.

வேறு தேசங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அமெரிக்காவின் பூர்வகுடிகளான நவஹோ மக்கள், தங்கள் பிள்ளைகள் பாஷையை மறக்கிறார்களே என்று கவலைப்பட்டு, 'ஃபைண்டிங் நீமோ' என்ற மீன் படத்தை 2016-இல் நவஹோ மொழியில் கொண்டுவந்தார்கள். பாலைவனத்து ஜனங்கள் மீனைத் தங்கள் பாஷையில் பேசவைத்தார்கள்! நியூஜிலாந்தில் மவோரி மக்கள் பழைய 'லயன் கிங்' படத்தையே 2022-இல் மவோரி மொழியில் வெளியிட்டார்கள். அந்த நாட்டுக் காட்டில் சிங்கம் கிடையாது. ஆனாலும் மொழி வாழ ஒரு வழி என்று போராடி வாங்கிக்கொண்டார்கள். கேட்காமலே வாசலுக்கு வந்ததை நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம்.

உண்மைக் காரணத்தைச் சிநேகிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி சாப்பிடும்போது தாமாகவே சொன்னார். "பையன் காதுல கொஞ்சம் இங்கிலீஷ் விழட்டுமேன்னுதான், சார். ஸ்கூல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ்ல மார்க்கு கம்மி."

அப்படிச் சொல்லுங்கள்! சிங்கத்தை டியூஷன் வாத்தியாராக நியமித்திருக்கிறீர்கள். இங்கிலீஷ் வேண்டும், நன்றாக வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, புஸ்தகம் இருக்கிறது. விடுமுறை நாளில் அப்பா அம்மாவுக்கு நடுவில் உட்கார்ந்து, இருட்டில், ஒரு குட்டிக்காகப் பயப்பட வந்த பையனிடம்கூடப் பாடம் ஒப்பிக்கச் சொல்ல வேண்டுமா? வசனம் பாதி புரிந்து பாதி புரியாமல் படத்தைப் பார்க்கிற குழந்தை என்ன செய்யும் தெரியுமா? அப்பாவின் முகத்தைப் பார்க்கும். அவர் சிரித்தால் சிரிக்கும். அபிப்பிராயம் என்பது அதற்குச் சொந்தமாக வராது.

இதை அவரிடம் சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை. அவர் மனைவிதான் உள்ளேயிருந்து, "அது நிஜம்தான், அவன் படம் பூரா உங்க மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான்" என்றார்.

பையன் அப்போது என் பேத்தியோடு நடையில் விளையாடிக்கொண்டிருந்தான். பும்பாவும் டிமோனும் பேசிக்கொண்ட ஏதோ ஒரு சண்டையை அவள் நடித்துக் காட்டினாள். "எங்க படத்துல இப்படிச் சொல்லலையே" என்றான் அவன். "சொல்லிச்சு, உனக்குப் புரிஞ்சிருக்காது" என்றாள் இவள். இரண்டு பேரும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். நான் தமிழில் மட்டும்தான் பார்த்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.