ஒருவர் எழுத, ஒருவர் பார்க்க

முப்பத்தாறு வருஷம் பாங்கில் லெட்ஜரோடு குப்பை கொட்டியவன் நான். ரிட்டயர் ஆனதும் இனி கூட்டல் கழித்தல் இல்லை என்று நினைத்தேன். மருமகள் விடவில்லை.

கொரோனா சமயத்தில் அவள் வீட்டிலேயே பருப்புப் பொடி, அங்காயப் பொடி, மோர்மிளகாய் என்று போட்டு விற்க ஆரம்பித்தாள். கடை கிடையாது, போர்டு கிடையாது. எல்லாம் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான். மாதம் பத்துப் பார்சல் போய்க்கொண்டிருந்தது, போன வருஷம் வாரத்துக்கு முப்பதைத் தாண்டிவிட்டது.

பொடி அரைக்கிற வேலை பகலிலேயே முடிந்துவிடும். ராத்திரிதான் கஷ்டம். "கால் கிலோ என்ன விலை?", "வெளியூருக்கு அனுப்புவீங்களா?", "பணம் போட்டுட்டேன், வந்துச்சா?" என்று இருபது பேர் கேட்டால் இருபது பேருக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டும். நோட்டைப் பார்த்துப் பார்சல் மேல் விலாசம் எழுத வேண்டும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஸ்பீட் போஸ்ட் நம்பர் அனுப்ப வேண்டும். முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இன்னும் இரண்டு எழுத்து. ஒன்று மாறினாலும் மறுநாள் போன் வரும். பதினொன்றரை மணிக்கு அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்குப் பழைய அரையாண்டு வட்டி நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன.

பாங்க் ஆசாமிகளுக்குப் புரியும். அப்போதெல்லாம் சேவிங்ஸ் கணக்கில், மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. பதினோராம் தேதி பணம் போட்டவருக்கு அந்தப் பணத்துக்கு அந்த மாதம் ஒரு பைசா கிடையாது. தினசரி இருப்பைப் பார்த்துக் கையால் வட்டி போட எந்தக் கிளையிலும் ஆள் பலம் இல்லை. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி மெஷின் வரவேண்டும் என்று சொன்னபோது எங்களில் பலர் கொடி பிடித்தோம். நானும்தான். ஆனால் 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட முடிந்தது, கிளைகள் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்ததால்தான். எங்கள் கைக்கு முடியாததற்கு அத்தனை வருஷம் வாடிக்கையாளர் நஷ்டப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் மருமகளிடம் சொன்னேன், "ஏம்மா, இதையெல்லாம் மெஷின்கிட்ட விட்டா என்ன?"

"நீங்களே பண்ணிக் குடுங்க மாமா" என்றாள்.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, பண்ணினேன். வாட்ஸ்அப் பிசினஸில் அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். ஒரு சாய்கோடும் ஒரு சின்னச் சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் எழுதுகிறவர்களுக்கு "உங்கள் செய்திக்கு நன்றி, காலையில் பதில் சொல்கிறோம்" என்று தானாகவே போகும். ஆர்டருக்கு ஒரு கூகுள் ஃபார்ம். பெயர், விலாசம், பின்கோடு, என்ன பொடி, எவ்வளவு என்று வாங்குபவரே நிரப்பிவிடுவார். அது ஷீட்டில் வரிசையாகப் போய் உட்காரும். அங்கிருந்து மெயில் மெர்ஜ் மூலம் லேபிள் அச்சாகிவிடும். மூன்று மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்தது. மருமகள் பத்து மணிக்கெல்லாம் படுக்கப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அது நடந்தது. தபால் ஆபீஸில் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஷீட்டைப் பின்கோடு வரிசையில் அடுக்கினேன். விலாசமும் பின்கோடும் இருந்த இரண்டு பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கியிருக்கிறேன். பெயரும் சரக்கும் இருந்த பத்திகள் அசையாமல் அப்படியே நின்றுவிட்டன. முப்பத்திரண்டு லேபிள். ஒவ்வொன்றும் பார்க்க அழகாக இருந்தது. விலாசம் சரி, பின்கோடு சரி, ஆள்தான் வேறு.

திருப்பூரில் ஒரு அம்மா, மகளுக்குப் பிரசவமாகிப் பதினோரு நாள், பத்தியச் சாப்பாட்டுக்கு எங்கள் அங்காயப் பொடியை நம்பியிருந்தார். வந்தது யாரோ ஒருவர் பெயர் போட்ட மோர்மிளகாய். பதறிப்போய் ராத்திரி பத்து மணிக்கு எழுதியிருக்கிறார். "உங்கள் செய்திக்கு நன்றி" என்று மெஷின் பல்லை இளித்திருக்கிறது.

காலையில் மருமகள் பார்த்தாள். அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, புதிதாக அரைத்து, அன்றைக்கே பஸ் பார்சலில் போட்டாள். மீதி முப்பத்தோரு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பாங்கில் ஒருவர் எழுதினால் இன்னொருவர் பார்த்து டிக் போடாமல் எதுவும் நகராது. முப்பத்தாறு வருஷம் அதைச் செய்தவன், மெஷினில் வந்தது என்றதும் பார்க்காமல் விட்டேன். கையால் எழுதினால் தப்பு ஒவ்வொன்றாக வரும். மெஷின் முப்பத்திரண்டையும் ஒரே நொடியில் செய்துவிட்டது.

இதைக் கேட்ட என் வயதுக்காரர்கள், "இதுக்குத்தான் சொல்றது, கையால எழுதற அன்பு வருமா?" என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பதினொன்றரை மணிக்குத் தூக்கத்தில் இருபதாவது தடவையாக விலை எழுதுகிறவளிடம் என்ன அன்பு மிச்சமிருக்கும்? முப்பத்தோரு பேரிடம் பொறுமையாகப் பேச அவளுக்குத் தெம்பு இருந்ததே, முந்தின ராத்திரி தூங்கியதால்தான்.

என்னைக் கேட்டால், யார் கேட்டாலும் ஒரே பதில்தான் என்றால் அதை மெஷினிடம் கொடுக்கலாம். விலை, விலாசம், தபால் நம்பர் எல்லாம் அந்த ரகம். கேட்பவரைப் பார்த்துப் பதில் மாறும் என்றால் ஆள்தான் பேச வேண்டும். கொஞ்ச நாளாவது கையால் செய்து பார்க்காத வேலையை மெஷினிடம் கொடுக்கக் கூடாது, எங்கே தப்பு வரும் என்று தெரியாது. மெஷின் செய்து முடித்த பிறகு இன்னொரு ஜோடிக் கண் பார்த்தாக வேண்டும்.

இப்போது தினமும் சாயங்காலம் மருமகள் நோட்டைப் பார்த்துப் பெயரும் சரக்கும் படிக்கிறாள், நான் லேபிளில் டிக் போடுகிறேன். பத்து நிமிஷம்தான் ஆகிறது. ராத்திரிச் செய்தியிலும் ஒரு வரி சேர்த்தோம்: "அவசரமானால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்." அது என் நம்பர். எனக்குத்தான் எப்படியும் தூக்கம் வருவதில்லையே.

இதுவரை இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர், கால் கிலோ என்ன விலை என்று கேட்டார்.