அன்னியர் யார்?

முஸ்லிம்களை "அன்னியர்" என்று சொல்லிப் பாமர மக்களை ஏய்ப்போரை நாம் ஒன்று கேட்கின்றோம்.

1896-இல் திருநெல்வேலியில் பிறந்து, காயிதே மில்லத் என்று அழைக்கப்பட்ட ஜனாப் முகமது இஸ்மாயில் அவர்கள், 1920-இல் ஒத்துழையாமைக்காகக் கல்லூரிப் படிப்பை விட்டவர். தம் மதத்தில் அசையாத பற்றுடையவர். நமக்கோ எந்த மதமும் உடன்பாடல்ல. ஆனாலும், 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, பழமைதான் யோக்கியதை என்றால் இம்மண்ணில் முந்தியவை தமிழ் முதலிய திராவிட மொழிகளே என்று டில்லியிலேயே எடுத்துச் சொன்னவர் அவர். தமிழரான அவரை 1962, 1967, 1971 ஆகிய மூன்று முறையும் கேரளத்து மஞ்சேரி மக்கள் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள்.

இனிச் சிதம்பரத்தைப் பாருங்கள். நடராசர் கோயில் சிற்றம்பல மேடையில் ஒரு சிவனடியார் தமிழில் தேவாரம் பாடுவதற்கு, 2008-இல் அரசாங்க உத்தரவும் போலீஸ் காவலும் வேண்டியிருந்தன! தடுத்தவர்கள் முஸ்லிம்களா? தீட்சிதர்களல்லவா? அடுத்துள்ள பரங்கிப்பேட்டை முஸ்லிமோ வீட்டிலும் கடையிலும் தமிழே பேசுகிறான்.

கடலூர், சிதம்பரம் தோழர்களே! ஒருவன் இந்நாட்டவனா என்பதை அவன் தொழும் திசையைக் கொண்டு அளப்பீர்களா, நடத்தையைக் கொண்டு அளப்பீர்களா? நன்றாய் யோசித்து முடிவு செய்யுங்கள்.