'ஏலே' என்பது இழிவழக்கா?

பேச்சுவழக்கின் விளிகளையும் வியப்பொலிகளையும் 'கொச்சை' என்று ஒதுக்கும் போக்கு நம் தமிழ்த்துறைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மாணவர் எழுதும் கதையில் 'ஏலே' வந்தால் சிவப்புக் கோடு. 'ஆத்தாடி' வந்தால் மதிப்பெண் குறைப்பு. போட்டிக்கு வந்த சிறுகதை ஒன்றில் தாமிரபரணிக் கரைக் கிழவி தன் பேத்தியை 'ஏளா' என்று அழைக்க, நடுவர் ஒருவர் அதை அடித்துவிட்டுப் 'பெண்ணே' என்று திருத்தியிருந்ததைக் கண்டோம். எந்த ஊர்க் கிழவி பேத்தியைப் 'பெண்ணே' என்று விளிக்கிறாள்?

இவர்கள் எந்த இலக்கணத்தின் பெயரால் தீர்ப்பு எழுதுகிறார்கள்? தொல்காப்பியத்தின் பெயராலென்றால் அதையே புரட்டிப் பார்க்கட்டும். 'அம்ம' என்னும் இடைச்சொல் எதிரிலிருப்பவரைக் கேட்கச் செய்வது என்கிறது இடையியல். ஐங்குறுநூற்றின் 'தோழிக்கு உரைத்த பத்து' பாட்டுக்குப் பாட்டு அச்சொல்லோடுதான் வாய் திறக்கிறது. இன்றைய 'இந்தாப்பா', 'ஏய்', 'இங்க பாரு' ஆகியவை செய்வதும் அதே பணிதான்.

ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவான உரிமை விளியைப் பொருளியல் 'கெழுதகைப் பொதுச்சொல்' என்று குறிக்கிறது. உரைகாரர் அதற்குக் காட்டுவது 'எல்லா' என்னும் சொல்லை. கலித்தொகை மாந்தர் ஒருவரையொருவர் 'எல்லா' என்று கடிந்தும் குழைந்தும் பேசுகின்றனர். திருப்பாவையின் 15ஆம் பாசுரம் உறங்குகிறவளை 'எல்லே' என்று எழுப்புகிறது. நெல்லைச் சீமையின் 'ஏலே'யும் 'ஏளா'வும் இக்குடும்பத்துப் பிள்ளைகளாகவே நம் செவிக்குப் படுகின்றன.

வியப்புக்கு வருவோம். மருட்கை பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கைச் சொல்கிறது மெய்ப்பாட்டியல். இந்நான்கில் எது எதிர்ப்பட்டாலும் தமிழர் வாயில் வருவது 'ஆத்தாடி', 'யப்பாடி', 'அடேயப்பா' என்று தாயையோ தந்தையையோ கூவும் ஒலி. அதை நீக்கிவிட்டு 'எனக்கு மிகவும் வியப்பாக உள்ளது' என்று எழுதச் சொல்வது, அழுகிறவனைப் பார்த்து 'நான் துயருறுகிறேன்' என்று அறிக்கை விடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் இவ்விளிகளில் இழிவே இல்லையா? உண்டு. நிலக்கிழார் வீட்டுச் சிறுவன் அறுபது வயது உழவுத் தொழிலாளியை 'ஏலே' என்பான்; கிழவர் 'ஐயா' என்று கைகட்டி நிற்பார். தன் வீட்டுப் பெரியவரிடம் அச்சிறுவன் அச்சொல்லைக் கனவிலும் எடுக்கமாட்டான். இங்கே குற்றம் ஒலியில் இல்லை. சாதி தந்த அதிகாரத்தில் இருக்கிறது. இதற்குக் 'கொச்சை' என்று பெயரிடுவது அறப்பிழையை இலக்கணப் பிழையாகச் சுருக்கித் தப்பித்துக்கொள்வதாகும். மாணவனின் தாளில் 'ஏலே'யை அடித்துவிட்டு, வளாகத்தைப் பெருக்கும் மூத்த பணியாளரை 'வா, போ' என்று ஒருமையில் ஏவுகிற தூயதமிழ்ப் பேராசிரியர்களை நாம் அறிவோம். அவர்கள் தமிழில் வழுவே இராது.

கெழுதகை என்பது இருவருக்கும் பொதுவான உரிமை. 'ஏலே' என்றவனை 'என்னலே' என்று திருப்பிக் கேட்க முடிகிறவரை அது நட்பு. அவ்வுரிமை மறுக்கப்பட்ட இடத்தில் 'தம்பி' என்ற சொல்கூட வசைதான்.

ஆகவே நம் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர் கதையில் இத்தகைய விளி வரும்போது அச்சொல் அகராதியில் உண்டா என்று தேட வேண்டாம். யார் யாரை அழைக்கிறார், அழைக்கப்பட்டவர் அவ்வாறே திருப்பி அழைக்கலாகுமா என்று கேளுங்கள். சிவப்பு மையைப் பிறகு திறக்கலாம்.