1908 எழுச்சி: நெல்லை, தூத்துக்குடி மக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், திருநெல்வேலி, தூத்துக்குடி மாநகராட்சிகளுக்கும், எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும்:

செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி. சிலைக்கு மாலை போட வரிசையில் நிற்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் 1908 மார்ச் 12 அன்று அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதான சேதி பரவியதும், மறுநாள் நெல்லையில் கடைகளை அடைத்துத் தெருவில் இறங்கியவர்கள் யார்? போலீஸ் துப்பாக்கிக்கு அங்கே நால்வர் பலியானார்கள். தலைவர்களை மட்டும் எண்ணி விடுதலைப் போரின் கணக்கை முடிப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

எங்கள் முதல் கோரிக்கை பெயர்கள். மாண்ட நால்வரின் பெயர், வயது, தொழில், தெரு என ஆவணங்களில் உள்ளதையெல்லாம் அரசே திரட்டித் தமிழில் அச்சிட வேண்டும். கலவர வழக்குகளில் சிறை சென்றவர்களின் பட்டியலும் அதில் சேர வேண்டும். கலவரத்துக்குப் பிறகு வெள்ளை அரசு தண்டக் காவல் படையை நிறுத்தி, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே கட்டியது. அந்த வசூல் பதிவேடுகள் எந்த அலமாரியில் இருந்தாலும் வெளியே வரட்டும். யார் எவ்வளவு கட்டினார்கள் என்று எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

இரண்டாவது, தூத்துக்குடி கோரல் மில். 1908 பிப்ரவரி 27 அன்று அங்கே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். சுமார் ஒன்பது நாளில் வென்றார்கள். இதைப் பலரும் சொல்வதுண்டு. தலைவர்கள் கைதானதும் அதே ஆட்கள் மறுபடியும் ஆலையை விட்டு வெளியேறினார்களே, அதைத்தான் சொல்வது குறைவு. இந்த முறை அவர்கள் கூலி கேட்கவில்லை. வென்றெடுத்ததையே பறிகொடுக்க நேரலாம் என்று தெரிந்தும் வெளியேறினார்கள். முடிதிருத்துவோரும் குதிரை வண்டிக்காரர்களும் உடன் சேர்ந்தார்கள். திலகருக்குச் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் எழுந்தது அதே ஆண்டு ஜூலையில். தூத்துக்குடி நான்கு மாதம் முந்தியது. பள்ளிப் பாடத்தில் இந்த இரண்டாம் வேலைநிறுத்தத்துக்குத் தனிப் பகுதி வேண்டும். பெட்டிச் செய்தி போதாது.

மூன்றாவது, வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி. அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். அன்றைக்கு அது சிறிய தொகை அல்ல. பங்கு வாங்கியவர்களின் பெயர்கள் கிடைத்த மட்டும் தூத்துக்குடித் துறைமுக வாயிலில் பொறிக்கப்பட வேண்டும். துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயரைச் சூட்டிய நாடு, அவரை நம்பிப் பணம் போட்டவர்களையும் அங்கே நிறுத்தட்டும்.

சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, அந்த நோயோடு 1925 வரை ஊர் ஊராக அலைந்த சிவாவை வ.உ.சி. பற்றிய பேச்சில் வெறும் துணைக்குறிப்பாக்குவதையும் விடுங்கள். அந்தக் கைதையொட்டிச் சிவா மீது நடந்த வழக்கின் தமிழ்ப் பதிப்பு தனியே வரட்டும்.

மார்ச் 13 இரு நகரங்களிலும் அரசு விழாவாக நடக்க வேண்டும். மேடையில் முதல் வரிசை நாற்காலிகள் ஆலைத் தொழிலாளர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும். அமைச்சர்கள் பின்னால் உட்காரட்டும், ஒரு நாள்தானே.

புதிய சிலை எதுவும் வேண்டாம். அதற்கென்று பணம் இருந்தால் மேற்சொன்ன அச்சு வேலைக்குக் கொடுங்கள். எந்தக் கோரிக்கையை எப்போது நிறைவேற்றுவீர்கள், எதை ஏன் மறுக்கிறீர்கள் என்பதை வருகிற மார்ச் 13-க்குள் எழுத்தில் தர வேண்டும்.