சான்றிதழ் இருக்கிறது, பேச்சு வரவில்லை: சுற்றுலாத் துறை மாணவர்களுக்கு எந்த ஆங்கிலம் தேவை?

2026 ஆம் ஆண்டு மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக அறிவிக்கப்பட்டுள்ளது. 1990, 2007, 2014 ஆகிய ஆண்டுகளிலும் இத்தகைய இயக்கம் நடந்தது. 2020-இல் நடக்கவிருந்த இயக்கம் கோவிட் பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. இம்முறை அரசாங்கம் முதலில் அறிவித்த இலக்கு 3 கோடியே 56 லட்சம் சுற்றுப்பயணிகள். பெருந்தொற்றுக்கு முன், 2019-இல் வந்தவர்கள் சுமார் 2 கோடியே 61 லட்சம் பேர். கூடுதலாக எத்தனை பேரை எதிர்பார்க்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரியும்.

இத்தனை பேரையும் வரவேற்க, அறை கொடுக்க, ஊர் சுற்றிக் காட்ட ஆள் வேண்டும். சுற்றுலா, தங்கும் விடுதித் துறைப் படிப்புகளில் சேரும் இந்திய மாணவர்கள் அந்த வேலைகளில் எந்த இடத்தில் நிற்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு தங்கும் விடுதியில் இரண்டு பக்கங்கள் உண்டு. முகப்பிடம், முன்பதிவு, விருந்தினர் சேவை ஆகியவை முன்பக்கம். அறை சுத்தம், சலவை, பாத்திரம் கழுவுதல் ஆகியவை பின்பக்கம். எந்த வேலையும் தாழ்ந்ததல்ல. ஆனால் சுற்றுலா நிர்வாகம் படித்து, வழிகாட்டியாகவோ முகப்பிட அதிகாரியாகவோ வர நினைத்த ஒருவர், நேர்முகத் தேர்வில் வாய் திறக்க முடியாமல் போனதற்காகப் பின்பக்கத்திலேயே தேங்கிவிடுவது இழப்பு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தத் தொகையிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்பதா, மேலே ஏறுவதா என்பதைப் பல இடங்களில் சான்றிதழைவிடப் பேச்சே முடிவு செய்கிறது.

தயக்கம் எங்கிருந்து வருகிறது?

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படிக்கும் பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறுகிறது. ஆங்கிலம் இரண்டு இடத்திலும் ஒரு பாடம். தோட்டப்புறத்தில் வீட்டில் தமிழ், கடையிலும் பள்ளியிலும் மலாய். ஆங்கிலம் காதில் விழுவது தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும்தான். கேட்கும் வாய்ப்பு ஓரளவு உண்டு. பேசும் வாய்ப்பு இல்லை. பட்டணத்துப் பிள்ளைக்கு டியூஷன் வகுப்பும் அக்கம்பக்கமும் கைகொடுக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைக்கு அதுவும் அரிது.

கொள்கையும் பலமுறை திசை மாறியது. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. பின்னர் அது கைவிடப்பட்டது. எஸ்பிஎம் தேர்வில் 2016 முதல் ஆங்கிலத்தில் தேறுவது கட்டாயம் என்றார்கள், அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறினால் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே ஆங்கிலத்தில் தேறாத மாணவரும் சான்றிதழோடு திறன்கல்வி வகுப்புக்கு வந்து சேர முடிகிறது.

2021 எஸ்பிஎம் முதல் ஆங்கிலத் தாளில் வாசிப்பு, எழுத்து ஆகியவற்றுடன் பேச்சும் கேட்டலும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் பேச்சுத் தேர்வு சில நிமிடங்களில் முடிந்துவிடும். முகப்பிடத்தில் நிற்பவர் ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் பேச வேண்டும். எதிரே நிற்பவர் என்ன கேட்பார் என்பதும் முன்கூட்டித் தெரியாது.

தேவைப்படும் ஆங்கிலம் கடல் அல்ல

மாணவர்களை அச்சுறுத்துவது, ஆங்கிலம் முழுவதையும் கற்றுத் தீர வேண்டும் என்ற எண்ணம். உண்மையில் சுற்றுலா வேலைக்குத் தேவையான ஆங்கிலம் சில சூழல்களுக்குள் அடங்கிவிடும். வரவேற்பது, பதிவு செய்வது, விலை சொல்வது, வழி காட்டுவது, புகாரைக் கேட்பது, அவசரத்தில் உதவுவது, ஓர் இடத்தைப் பற்றி விளக்குவது. இந்த ஏழையும் திரும்பத் திரும்பப் பேசிப் பழகினால் அன்றாட வேலையின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்.

உதாரணத்துக்கு எண்களை எடுத்துக்கொள்ளலாம். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் அவசரத்தில் ஒன்றுபோல் கேட்கும். விலை சொல்லும்போதோ, பேருந்து புறப்படும் நிமிடத்தைச் சொல்லும்போதோ தவறினால் சண்டை வரும், பயணமும் தவறும். 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஸீரோ' என்று பிரித்து மறுபடி சொல்வது துறையில் உள்ளவர்களின் பழக்கம். பெயர்களும் அப்படித்தான். தொலைபேசியில் 'பி' என்ற ஓசையில் இரண்டு எழுத்துகள் குழம்பும். அதனால் பயண முகவர்கள் ஆல்பா, பிராவோ, சார்லி என்று சொல் வைத்து எழுத்துக் கூட்டுகிறார்கள். மொத்தம் 26 சொற்கள். ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

அடுத்தது பணிவு. மலாயில் 'தா போலே', தமிழில் 'முடியாது' என்று சொல்லிப் பழகிய நாக்கு, ஆங்கிலத்தில் 'கேன்னாட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. சொல்பவர் மனத்தில் மரியாதைக் குறைவு இல்லை. கேட்கும் விருந்தினருக்கோ முகத்தில் அடித்தது போலிருக்கும். 'ஐ எம் சாரி, தி ரூம் இஸ் நாட் ரெடி எட். மே ஐ கீப் யுவர் பேக்ஸ்?' என்றால், அறை இல்லை என்ற அதே செய்தி உதவியாக மாறுகிறது. இதற்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை. இருபது முறை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

உச்சரிப்பைப் பற்றியும் வீண் கூச்சம் உண்டு. மலேசியாவுக்கு அதிகம் வருபவர்கள் சிங்கப்பூர், இந்தோனேசியா, சீனா, தாய்லாந்து போன்ற நாட்டினர். அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்ட மொழிதான். லண்டன் உச்சரிப்பு அவர்களுக்கு உதவாது. நிதானமான, தெளிவான, குட்டையான வாக்கியமே உதவும்.

கையில் இருக்கும் பலம்

இந்திய மாணவர்களிடம் ஏற்கெனவே இரண்டு மொழிகள் உண்டு. 2023 டிசம்பர் முதல் இந்தியச் சுற்றுப்பயணிகளுக்கு விசா விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருபவர்களுக்குத் தமிழ் பேசும் ஊழியர் பெரிய ஆறுதல். ஆனால் டில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருபவர்களிடம் தமிழ் செல்லாது. அங்கே ஆங்கிலமே பாலம். மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் எந்த முதலாளியும் அவரை எளிதில் விடமாட்டார்.

சொல்வதற்குக் கதையும் கையில் இருக்கிறது. பத்துமலையில் 272 படிகள், 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, தைப்பூசக் காவடி. மலாக்காவில் 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம். கோலாலம்பூரில் 1873-இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். இவற்றோடு வளர்ந்த பிள்ளையிடம் வெளிநாட்டவர் ஒருவர், 'இவர் ஏன் காவடி தூக்குகிறார்?' என்று கேட்டால், 'திஸ் இஸ் அவர் கல்ச்சர்' என்பதோடு பதில் நின்றுவிடக்கூடாது. நேர்த்திக்கடன் என்றால் என்ன, எத்தனை நாள் விரதம், வேல் எதைக் குறிக்கிறது என்று பத்து எளிய வாக்கியங்களில் சொல்ல முடிந்தால் அவர் பாதி வழிகாட்டி ஆகிவிட்டார்.

மீதிப் பாதிக்குச் சட்டம் உண்டு. 1992 சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் வழிகாட்டியாகப் பணியாற்ற முடியாது. பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறிய பிறகே உரிமம் கிடைக்கும். பேச்சில் நம்பிக்கை இல்லாதவர் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே தயங்குவார்.

யார் என்ன செய்யலாம்?

முதல் பொறுப்பு கல்லூரிகளுடையது. சுற்றுலாவின் வரையறையை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வைப்பதால் பேச்சு வராது. ஒருவர் விருந்தினர், ஒருவர் ஊழியர் என்று நடித்துப் பேசும் நேரம் ஒவ்வொரு வாரமும் அட்டவணையில் இருக்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். தொழிற்பயிற்சிக்கு அனுப்பும்போது, மாணவர் சில வாரங்களாவது முகப்பிடத்தில் நிற்க விடுதியிடம் உறுதி பெற வேண்டும். பயிற்சிக் காலம் முழுவதும் மெத்தை விரித்தவர் பேசக் கற்றிருக்க மாட்டார்.

இரண்டாவது, சமுதாய அமைப்புகள். வெளிநாட்டவர் வந்து போகும் கோயில்களில் வார இறுதியில் இரண்டு மாணவர்களை வரவேற்புத் தொண்டர்களாக நிறுத்தலாம். காலணியை எங்கே விடுவது, எங்கே படம் எடுக்கலாம், இன்று என்ன பூசை என்று சொன்னாலே போதும். பணம் வாங்கி வழிகாட்டுவது வேறு. அதற்கு உரிமம் தேவை. இது பேசிப் பழக ஒரு களம் மட்டுமே. வருபவருக்கும் நல்லது, மாணவருக்கும் நல்லது.

மூன்றாவது, மாணவர்களே. இரண்டு பேர் சேர்ந்து தினமும் பத்து நிமிடம் பேசலாம். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் எங்கே தடுமாறுகிறோம் என்பது தெரிந்துவிடும். சொந்த ஊரைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதி, பார்க்காமல் சொல்லிப் பழகலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

செலவில்லாத இந்தப் பயிற்சியையும் தடுப்பது ஒன்று உண்டு. பிள்ளை ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசினால், 'வெள்ளைக்காரன் மாதிரி பேசுறான் பாரு' என்று கேலி செய்வது. தவறினால் சிரிப்பு, தவறாமல் பேசினால் கிண்டல். இப்படியிருந்தால் எந்தப் பிள்ளைதான் வாய் திறக்கும்? ஆங்கிலம் பேசுவதால் தமிழ் குறைந்துவிடாது. தைப்பூசத்தின் பொருளை உலகத்துக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் பிள்ளை தமிழுக்கும் சேர்த்தே பேசுகிறது.

2026 முடிந்தாலும் சுற்றுப்பயணிகள் வருவது நிற்கப் போவதில்லை. விடுதிகளும் விமான நிறுவனங்களும் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். இன்று படிவம் நான்கிலும் ஐந்திலும் இருக்கும் பிள்ளைகள் அந்த வேலைகளுக்குப் போகும்போது சான்றிதழோடு பேச்சும் கையில் இருக்க வேண்டும். அதற்கான பத்து நிமிடப் பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். கேலி செய்யாமல் உட்கார்ந்து கேட்பது பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவி.