சாத்திய கதவும் காலி நாற்காலியும்

மின்பொறியியல் பேராசிரியர் வானத்திலிருந்து குதிப்பதில்லை. பி.இ. முடிக்கணும். 'கேட்' தேர்வு எழுதணும். துறை போடும் நேர்காணல் பட்டியலில் பேர் வரணும். நாலைந்து பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய்ப் பதில் சொல்லணும். அவங்க தலையசைத்தால் ஆய்வு மாணவர். அய்ந்தாறு வருசம் கழித்து முனைவர். அதுக்கப்புறம்தான் உதவிப் பேராசிரியர் வேலைக்கு மனுப் போடவே முடியும். ஆக, பேராசிரியர் நாற்காலி அந்த நேர்காணல் அறையிலேயே பங்குபோடப்பட்டு விடுகிறது. 'தகுதி, தகுதி' என்று கூவுகிறவர்கள் இந்த அறையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

கணக்கைப் பாருங்க. 2015 முதல் 2019 வரை அய்.அய்.டி.கள் முனைவர் ஆய்வுக்குச் சேர்த்தவர்கள் 25,007 பேர். தலித்துகள் 9.1 சதவீதம், பழங்குடியினர் 2.1 சதவீதம். சட்டப்படி தரவேண்டியது 15ம் 7.5ம். மிச்சம் யார் வீட்டுச் சொத்தாகப் போச்சு? ஆசிரியர் பக்கம் இன்னும் கேவலம். 2019 சட்டத்துக்கு முன் ஒன்றிய அரசே கொடுத்த கணக்கில், 23 அய்.அய்.டி.களின் 6,043 ஆசிரியர்களில் தலித்துகள் 149, பழங்குடியினர் 21.

2019இல் ஒன்றியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணிக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதை அய்.அய்.டி.களில் ஒழுங்காக நடைமுறைப்படுத்த வழி சொல்லுங்கள் என்று 2020இல் ஒரு குழு போட்டார்கள். தலைவர் அப்போதைய டில்லி அய்.அய்.டி. இயக்குநர் வி.ராம்கோபால் ராவ். மின்பொறியியல் பேராசிரியர். 2005இல் பட்நாகர் விருது, 2013இல் இன்போசிஸ் விருது வாங்கியவர். அவருடைய அறிவியலோடு நமக்குச் சண்டை இல்லை. அந்தக் குழு 2020 சூனில் கொடுத்த அறிக்கையோடுதான் சண்டை. நடைமுறைப்படுத்த வழி கேட்டால், ஆசிரியர் நியமன ஒதுக்கீட்டிலிருந்தே எங்களுக்கு விலக்குக் கொடுங்கள் என்று எழுதினார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் குறைவாம்!

நான் வங்கிக் குமாஸ்தா. பணம் கட்ட வந்தவரைக் கவுண்ட்டரிலிருந்து விரட்டிவிட்டு, மாசக் கடைசியில் 'உங்கள் கணக்கில் இருப்பு இல்லை' என்று கடிதம் போட்டால் எங்க ஊரில் அதுக்குப் பேர் மோசடி. முனைவர் ஆய்வுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அய்.அய்.டி. பேராசிரியர்கள். ஆள் இல்லை என்று அறிக்கை எழுதுகிறவர்களும் அவர்களே. குற்றவாளியே சாட்சி, அவனே நீதிபதி.

அதே அறிக்கை, ஆய்வுக்கு வர விரும்பும் ஒதுக்கீட்டு மாணவர்களுக்கு இரண்டு வருச உதவித்தொகையோடு தயாரிப்புப் பயிற்சி தரலாம் என்றும் சொன்னது. தரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனா வீட்டுக்குள்ளே இடம் கேட்டவனைத் திண்ணையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வது என்ன நியாயம்ய்யா?

தோழர்களே, வெறும் கோபம் போதாது. ஒவ்வொரு துறையிலும் எத்தனை தலித், பழங்குடி மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைத்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒவ்வொரு சேர்க்கையிலும் கேளுங்கள். நேர்காணல் மதிப்பெண்ணைத் துறைவாரியாக வெளியிடச் சொல்லிப் போராடுங்கள்.

மேல்சாதி வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பேராசிரியரிடம் போகணும், ஆய்வுத் திட்டம் எப்படி எழுதணும், பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்கணும் என்பதெல்லாம் சித்தப்பாவே சொல்லிடுவார். சேரியிலிருந்து முதல் தலைமுறையாக வருகிற பிள்ளைக்கு அந்தச் சித்தப்பா இல்லை. இயக்கம் அந்த இடத்தில் நிற்கணும். ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கிய நம்மவர்கள் இந்த வருசம் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பத்தைக் கூட உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

'ஆள் இல்லை' என்று அடுத்த குழு எழுத வருமுன் நம்ம ஆட்கள் அந்த அறை வாசலில் வரிசையில் நிற்கணும்.