கோல் விழாததுக்கு யார் காரணம்?



குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் பள்ளி மாணவியர் கால்பந்து அணி முதல் ஆட்டத்திலேயே 2-0 என்று தோற்று வந்த கதை எல்லோருக்கும் தெரியும். போன வருஷமும் இதே கதைதான், ஒரு கோல்கூட இல்லை. மறுநாள் பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போவதற்குள் இரண்டு தீர்ப்பு வந்துவிட்டது. பையன்கள் சொன்னது, "பழைய பி.இ.டி. சார் மாறுதல்ல போகாம இருந்தா ஜெயிச்சிருப்பீங்க." நம்ம பிள்ளைங்களே சொன்னது, "முன்னாடி ஆடுறவளை மாத்துங்கடி, அவளுக்கு கோல் அடிக்கவே தெரியல." அன்றைக்கு அவள் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்த அணியில் பின்னால் நிற்கிற பேக் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் "இவ அவ கட்சி"ன்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க.

இந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு எங்க சித்தப்பாவின் டைரிதான் ஞாபகம் வந்தது. சித்தப்பா முன்பு சென்னையில் வேலை பார்த்தார். சென்னையின் எஃப்.சி. அணி என்றால் அவருக்கு உயிர். பெரியமேட்டில் இருக்கிற ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு நீலச் சட்டை போட்டுக்கொண்டு போய் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்திவிட்டு வருவாராம். ஒவ்வொரு ஆட்டத்தையும் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். 2019-20 சீசன் நடந்தபோது நான் மூன்றாம் வகுப்பு, எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போதுதான் அந்த டைரியை வாங்கிப் படித்தேன்.

அந்த அணிக்கு அப்போது பயிற்சியாளர் ஜான் கிரிகோரி, இங்கிலாந்துக்காரர். 2017-18இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அடுத்த வருஷமே 18 ஆட்டத்தில் 9 புள்ளி மட்டும் எடுத்து அணி கடைசி இடத்துக்குப் போனது. அப்படியும் நிர்வாகம் அவரை மாற்றவில்லை. 2019இல் சீசன் ஆரம்பித்தது. கோவாவிடம் 3-0 தோல்வி. மும்பையோடு 0-0. ஏ.டி.கே.யிடம் 1-0 தோல்வி. பெங்களூருவிடம் 3-0 தோல்வி. நாலு ஆட்டம், நம்ம பக்கம் ஒரு கோல்கூட இல்லை! டைரியில் அந்தப் பக்கத்தில் சித்தப்பா பெரிய முட்டை ஒன்று வரைந்து வைத்திருக்கிறார்.

சித்தப்பா தங்கியிருந்த ரூமில் அப்போது மூன்று கட்சியாம். கோச்சை உடனே அனுப்பணும் என்பது ஒரு கட்சி. கப்பு வாங்கிக் கொடுத்தவரை இப்படிப் பேசலாமா, கொஞ்சம் பொறுங்க என்பது இரண்டாவது கட்சி. மூன்றாவது கட்சி, முன்னால் ஆடுகிற நெரியஸ் வால்ஸ்கிஸ் வேஸ்ட், வேற ஆளைக் கொண்டுவாங்க என்றது. சித்தப்பா எந்தக் கட்சி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே "மூணாவது" என்றார்.

ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்தோடு இஞ்சூரி டைமில்தான் முதல் கோல் விழுந்தது. 2-1 என்று ஜெயித்தார்கள், கடைசி கோல் வால்ஸ்கிஸ் அடித்தது. அடுத்து ஒடிசாவோடு 2-2. அத்தோடு கிரிகோரி விலகிக்கொண்டார். டிசம்பர் மாதம் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில் வந்தார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ஆட்கள் மாறவில்லை. அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே சாங்தே, அதே ஷெம்ப்ரி. நான் டைரியைப் பார்த்துக் கூட்டிப் பார்த்தேன் (கணக்கு சார் கவனிக்கவும், இரண்டு தடவை சரிபார்த்தேன்). முதல் 6 ஆட்டத்தில் 4 கோல். அதற்குப் பிறகு லீகில் 12 ஆட்டம், 28 கோல்! கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்தார்கள். அதில் கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்தே ஆளுக்கு இரண்டு. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று வென்று இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். கொரோனா வந்துவிட்டதால் 2020 மார்ச் 14ஆம் தேதி அந்த இறுதி ஆட்டம் கோவாவில் ஆளே இல்லாத மைதானத்தில் நடந்தது. ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது. நம்ம ஒரு கோல் யார் அடித்தது தெரியுமா? "வேஸ்ட்" வால்ஸ்கிஸ்தான். அந்த சீசனில் மொத்தம் 15 கோல் அடித்து தங்கக் காலணி விருதும் அவருக்கே.

"அப்ப நாங்க சொன்னதுதானே சரி, கோச்சை மாத்தினா எல்லாம் சரியாயிடும்"னு பையன்கள் கை தட்டக் கூடாது. டைரியில் அடுத்த பக்கமும் இருக்கிறது.

முதல் விஷயம், வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ எல்லாரும் அணிக்கு வந்ததே கிரிகோரி காலத்தில்தான். அதை யாரும் சொல்வதில்லை. அடுத்த சீசனில் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். நடுவில் நின்று பந்து கொடுக்கிற கிரிவெல்லாரோ பாதியில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். புது கோச் சாபா லாஸ்லோ. 20 ஆட்டத்தில் 17 கோல்தான், 11 ஆட்டம் டிரா. ரசிகர்கள் லாஸ்லோவையும் திட்டினார்கள், புது ஃபார்வர்டையும் திட்டினார்கள். பந்து கொடுக்க ஆள் இல்லாமல் அவர்கள் என்ன செய்வார்கள்? பிறகு 2023இல் அதே காயில் திரும்பி வந்தார். முதல் வருஷம் ஆறாவது இடம், பரவாயில்லை. 2024-25இல் 13 அணியில் பதினொன்றாவது. அதே காயில்தானே! கோச்சின் பெயரில் மட்டும் மந்திரம் இருந்தால் அப்படி ஆகியிருக்குமா?

எனக்குத் தோன்றுவது இதுதான். கோல் விழவில்லை என்றால் எல்லாரும் கோல் போஸ்ட் பக்கத்தில் நிற்கிறவளைத்தான் பார்க்கிறோம். பந்து அவள்கிட்ட எப்படி வந்தது, வந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. காயில் வந்தபோது வால்ஸ்கிஸுக்குப் புதுக் கால் முளைக்கவில்லை. அவரைச் சுற்றி ஆடுகிறவர்கள் முன்னால் ஏறி ஆடினார்கள், பந்து அவர் காலுக்குப் போனது.

போன சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பையன்களோடு 40 நிமிஷம் ஆடினோம். என் தோழி ஒருத்தியை வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து, ரஃப் நோட்டில் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். நம்ம ஃபார்வர்ட் காலுக்குப் பந்து போனது மொத்தம் 5 தடவை. அதிலும் 3 தடவை அவள் கோல் போஸ்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் நம்ம ஆள் ஒருத்தரும் இல்லை. நான் பின்னாலிருந்து பந்தைத் தூக்கி அடித்தது 22 தடவை. அதில் ஒன்றுகூட அவளிடம் போகவில்லை. பாதி சோளக்காட்டுக்குள்ளே போனது. எல்லாரும் "சூப்பர் கிக்"னு கை தட்டினீங்களே, அந்த கிக்தான். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

பழைய பி.இ.டி. சார் நல்ல சார்தான், இல்லைன்னு சொல்லல. ஆனால் அவர் இருந்த போன வருஷமும் நான் இப்படித்தான் தூக்கி அடித்தேன், கோல் விழவில்லை. இப்போது அறிவியல் டீச்சர்தான் எங்களை கிரவுண்டுக்குக் கூட்டிப் போகிறார். தனக்குக் கால்பந்து தெரியாது என்று டீச்சரே சொன்னார்கள். தெரியாதவங்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? டீச்சர் கோவிச்சுக்கலைன்னா ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமை கேம்ஸ் பீரியடில் நாங்கள் இரண்டு பிரிவாக நின்று, பந்தைத் தூக்கி அடிக்கவே கூடாது என்று ஆடிப் பார்க்கிறோம். தூக்கி அடித்தால் விசில் ஊதி பந்தை எதிர்ப் பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இதற்குக் கால்பந்து தெரிய வேண்டியதில்லை டீச்சர், விசில் இருந்தால் போதும்.

ஒன்பதாம் வகுப்புப் பையன்களே, கிரவுண்டில் பாதியை அந்த ஒரு பீரியடுக்கு மட்டும் கிரிக்கெட்டிலிருந்து விட்டுக்கொடுங்கள். வேப்ப மரத்தடியில் நோட்டோடு மறுபடியும் எண்ணப் போகிறோம். 5 என்பது 15 ஆகி, அப்புறமும் கோல் விழவில்லை என்றால், அவளை மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். பேசும்போது என்னையும் சேர்த்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி
(பேக், சட்டை எண் 4)